விட்டுட்டேன்ல, அப்புறம் என்ன?

ரொம்ப நாளா மனசுல கிடந்து அரிச்சுக்கிட்டு இருக்கற விஷயம் இது. எழுதினா ரெண்டு மூணு நண்பர்கள் கோவிச்சுக்குவாங்கன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். போன சனிக்கிழமை ராத்திரி ஒரு நண்பர் என் போனுக்கு அனுப்பின போட்டோவைப் பார்த்தப்புறம் தூக்கம் வரலை. அதனால எழுதிடறேன். திட்டறவங்க வரிசையில வாங்க, தள்ளுமுள்ளு வேணாம்.

விஷயம் மீன் பிடிக்கிறதைப் பத்தி. இன்னும் சரியா சொல்லணும்னா, ஆத்துத் தண்ணி ஐஸ் ஆகறதுக்கு ஒரு படி முன்னால இருக்கற குளிர்காலத்துல ஸ்மால்மவுத் பாஸ் பிடிக்கிறதைப் பத்தி. (பாஸ்னா ஆபீஸ்ல ஆணி புடுங்கச் சொல்ற பாஸ் இல்லீங்க. அந்த பாஸைப் பத்தி எழுதறதுக்கு இன்னும் தைரியம் வரலை.)

புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நான் இருக்கறது அமெரிக்காவுல பென்சில்வேனியா, ஹாரிஸ்பர்க் பக்கம். வாரம் அஞ்சு நாள் பொட்டி தட்டல், மிச்ச ரெண்டு நாள் சஸ்குவெஹானா ஆறு. தங்கமணி இதை வேற மாதிரி சொல்லுவாங்க, அது இங்க வேண்டாம். சஸ்குவெஹானா எங்க ஊர்கிட்ட கிட்டத்தட்ட ஒரு மைல் அகலம். பார்க்க சமுத்திரம் மாதிரி இருக்கும், இறங்கினா பல இடத்துல இடுப்பளவுதான். அடியில பூரா பாறை. இந்தப் பாறை ஆறுதான் ஸ்மால்மவுத்துக்கு சொர்க்கம். வெண்கல நிறம், உடம்புல குறுக்கால மங்கலான பட்டை, சிவந்த கண்ணு. தூண்டில்ல மாட்டினா தண்ணிக்கு மேல எகிறிக் குதிச்சுத் தலையை உதறும். ரெண்டு பவுண்ட் மீன் நாலு பவுண்ட் மாதிரி இழுக்கும். ஒரு தடவை பிடிச்சவன் அப்புறம் வேற மீனைத் திரும்பிப் பார்க்கறது கஷ்டம். நான் பார்க்கலை, பதினாலு வருஷம் ஆச்சு.

இது இந்த ஆத்துக்குச் சொந்த மீனும் இல்லை. இது பொறந்த வீடு கிரேட் லேக்ஸ், ஒஹையோ, டென்னஸி, மேல் மிசிசிப்பி பக்கம். மனுஷன்தான் கிழக்கால கொண்டுவந்து விட்டான். பக்கத்துல இருக்கற பொடோமாக் ஆத்துக்கு 1854-ல ரயில் எஞ்சினோட தண்ணித் தொட்டியில போட்டுக் கொண்டுவந்தாங்க. நம்மளை மாதிரியே வந்து குடியேறின பய. பாசம் வராம இருக்குமா?

சரி, சண்டைக்கு வருவோம்.

குளிர்காலத்துல ஸ்மால்மவுத் பிடிக்கிறவங்க கிட்ட ஒரு பெருமை இருக்கு. எனக்கும் இருந்தது. கை விரல் மரத்துப்போய், ராடு வளையத்துல ஐஸ் கட்டி, அதை வாயால ஊதி உருக்கி, மூக்கு ஒழுக நின்னு பிடிக்கிற மீன் இது, கோடையில பீர் குடிச்சுக்கிட்டு பிடிக்கிற மீன் இல்லைன்னு ஒரு மிதப்பு. "எல்லாரும் வீட்டுக்குள்ள கம்பளி போத்திக்கிட்டு இருக்கும்போது நான் பிடிச்சேன், இது ஆம்பளைங்க ஆட்டம்" அப்படின்னு ஒருத்தர் என்கிட்ட நேர்லயே சொன்னார். கூடவே அடுத்த வரி: "அதுவும் நான் ஒண்ணைக்கூட எடுக்கறது இல்லை, எல்லாத்தையும் விட்டுடறேன்."

இந்த ரெண்டு வரியும் பொய்னு சொல்லத்தான் வந்திருக்கேன். முதல் வரி முழுப் பொய். ரெண்டாவது அரைப் பொய், அதனால அதுதான் ஜாஸ்தி ஆபத்து.

முதல்ல முதல் வரி. குளிர்காலத்துல இது கஷ்டம்ங்கறது மனுஷனுக்குத்தான், மீன் பிடிக்கிற வேலைக்கு இல்லை. ஸ்மால்மவுத்துக்கு உடம்புச் சூடு தண்ணியோட சூடுதான். தண்ணி 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ (நம்ம கணக்குல 10 டிகிரி) இறங்க ஆரம்பிச்சதும் அது சம்பாதிக்கிறதைவிட செலவைக் குறைக்கிற யோசனைக்குப் போயிடும். நீரோட்டத்துல நிக்கறதுக்கே தெம்பு செலவாகும். அதனால நீரோட்டம் அடிக்காத, ஆழமான, அடியில பெரிய பாறை கிடக்கிற மடுவாப் பார்த்துப் போய் ஒதுங்கும். ஒண்ணு ரெண்டு இல்லை. கோடையில மைல் கணக்குல பரவிக் கிடந்த மீனெல்லாம் அந்த ஒரு மடுவுக்கு வரும். எங்க ஆறு மாதிரி ஆழமே இல்லாத ஆத்துல அப்படிப்பட்ட மடு எத்தனை இருக்கும்? விரல் விட்டு எண்ணிடலாம். பத்து பன்னண்டு அடி ஆழம் இருந்தாலே அது எங்களுக்கு மாளிகை.

ஆக என்ன நடக்குது? ஜூலை மாசத்துல ஆறு மைல் சுத்தித் தேட வேண்டிய மீன், ஜனவரியில ஒரு கல்யாண மண்டபம் அளவு இடத்துல அடைஞ்சு கிடக்குது. அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும்தான் கஷ்டம். கண்டுபிடிச்சுட்டா நூறு பேர் உட்கார்ந்திருக்கற பந்தியில புகுந்து இலையை எடுக்கற மாதிரிதான். இதுல என்ன வீரம் வேண்டிக்கிடக்கு?

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. மின்னசோட்டாவுல செப்டம்பர் நடுவுலேர்ந்து ஸ்மால்மவுத்தை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது, விட்டுடணும்னு பல வருஷம் சட்டமே இருந்திருக்கு. காரணம் இதேதான், இலையுதிர் காலத்துலயே அது கூட்டமா சேர ஆரம்பிச்சுடும், ஒரே இடத்துல அள்ளிடலாம்.

"அப்படி அடைஞ்சு கிடந்தாலும் கடிக்காதே?"ன்னு கேக்கறவங்க, குளிர்ல ஒருதடவையும் போகாதவங்க. கடிக்கும். மெதுவா கடிக்கும். நான் போடறது எட்டுல ஒரு பங்கு அவுன்ஸ் ஹேர் ஜிக், அதாவது ஈயக்குண்டுல முடியைக் கட்டின தூண்டில், மூணரை கிராம்தான். ஆறு பவுண்ட் லைன். எறிஞ்சுட்டு, அடிக்குப் போனதும், ஒண்ணும் செய்யாம இருக்கணும். நம்மாளுங்களுக்கு இதுதான் வராது, சுத்திக்கிட்டே இருப்பாங்க. சும்மா நீரோட்ட ஓரத்துல அதுவா நகரட்டும்னு விடணும். கடிக்கிறது டொக்குனு தட்டாது. ஈர இலை ஒண்ணு ஒட்டிக்கிட்ட மாதிரி ஒரு கனம், அவ்வளவுதான். வெயில் அடிச்சு, மத்தியானம் ரெண்டு மூணு மணிக்குத் தண்ணி ஒரு டிகிரி ஏறினாகூட போதும், அந்த ஒரு மணி நேரத்துல வரிசையா மாட்டும். தண்ணிக்குள்ள மிதந்து நிக்கற ஜெர்க்பெய்ட் போடறவங்க ரெண்டு தடவை சொடுக்கிட்டு இருபது எண்ணுற வரைக்கும் நிறுத்தி வெப்பாங்க. அதுவும் வேலை செய்யும். பொறுமை மட்டும்தான் வித்தை.

இன்னொரு புருடா: "பெரிய மீன் குளிர்லதான் மாட்டும்." பெரிய மீன் குளிர்ல மாட்டும், சரி. குளிர்லதான்ங்கறது எங்கேர்ந்து வந்துச்சு? உலக சாதனை ஸ்மால்மவுத், 11 பவுண்ட் 15 அவுன்ஸ், டேவிட் ஹேய்ஸ் டேல் ஹாலோ ஏரியில பிடிச்சது 1955 ஜூலை 9. ஜூலை! அந்த மீனை 1996-ல சாதனைப் பட்டியல்லேர்ந்து தூக்கி, 2005-ல திரும்பச் சேர்த்ததெல்லாம் தனிப் பெரிய கதை, இன்னொரு நாள் கொசுவத்தி சுத்தறேன்.

இப்ப ரெண்டாவது வரி. "விட்டுட்டேன்ல, அப்புறம் என்ன?"

நியாயமா ஒண்ணு ஒத்துக்கறேன். ஆழமில்லாத குளிர்ந்த ஆத்துல பிடிச்சு, தண்ணியை விட்டுத் தூக்காம கொக்கியைக் கழட்டி விட்டா, அந்த மீன் பிழைக்க வாய்ப்பு நிறைய. கோடை வெந்தண்ணியைவிட குளிர் தண்ணியில ஆக்ஸிஜன் அதிகம் கரையும். மீனும் ரொம்ப நேரம் போராடாது. இதை நான் மறுக்கலை. ஆனா இந்த நியாயத்தைச் சொல்லிட்டு எங்க போய் பிடிக்கிறாங்க, எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பாருங்க.

2019 நவம்பர் கடைசி. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட படகுல ஈரி ஏரிக்குப் போனோம், மூணு பேர். ஹாரிஸ்பர்க்லேர்ந்து அஞ்சு மணி நேரம் கார். தண்ணி 44 டிகிரி. சோனார்ல பார்த்தா 42 அடி ஆழத்துல பாறை மேட்டுல மீன் அடுக்கி வெச்ச மாதிரி கோடு கோடா இருக்கு. நாள் பூரா பிடிச்சோம். என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு நாள் இல்லை. எல்லாம் மூணு, நாலு, அஞ்சு பவுண்ட். குளிர் பிரதேசத்துல ஒரு ஸ்மால்மவுத் இருபது அங்குலம் ஆகறதுக்கு பத்து வருஷம், சமயத்துல அதுக்கு மேலயும் ஆகும். அந்த மாதிரி கிழடுகளை ஒண்ணு மேல ஒண்ணா இழுத்துப் போட்டோ எடுத்து விட்டோம். எல்லாத்தையும் விட்டோம். ஒண்ணைக்கூட எடுக்கலை. ரொம்ப நல்லவங்க நாங்க.

மத்தியானம் சாண்ட்விச் சாப்பிடறப்பதான் பின்னால திரும்பிப் பார்த்தேன். படகுக்குப் பின்னால வெள்ளையா என்னமோ மிதக்குது. வயிறு. ஒண்ணு, இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. மொத்தம் அஞ்சு எண்ணினேன். செத்துப் போகலை, அதுதான் கொடுமை. வாலை அடிச்சு அடிச்சு அடிக்குப் போகப் பார்க்குது, முடியலை, திரும்பி மேல வருது. சீகல் பறவைங்க வந்து இறங்கிச்சு. முதல்ல கண்ணைத்தான் கொத்துச்சு.

ஏன் இப்படின்னு யோசிக்க பெரிய படிப்பு வேண்டாம், பள்ளிக்கூடத்துல படிச்ச பாயில் விதி போதும். மீனுக்குள்ள ஒரு காத்துப்பை இருக்கு. அதை வெச்சுத்தான் அது ஒரு ஆழத்துல நிக்கும். சில மீனுக்கு அந்தப் பையிலேர்ந்து வாய்க்கு ஒரு குழாய் உண்டு, ஏப்பம் விட்டு காத்தை வெளியேத்திடும். பாஸ் மீனுக்கு அந்தக் குழாய் கிடையாது. ரத்தம் வழியா கொஞ்சம் கொஞ்சமாத்தான் காத்து குறையும், அதுக்கு மணிக்கணக்குல ஆகும். நல்ல தண்ணியில 34 அடிக்கு ஒரு காத்தழுத்தம் கூடும். 42 அடியிலேர்ந்து ஒரு நிமிஷத்துல மேல இழுத்தா அந்தக் காத்து ரெண்டேகால் மடங்கா உப்பப் பார்க்கும். உப்பினா வயித்துக்குள்ள இருக்கறதெல்லாம் நசுங்கும், சிலதுக்கு கண்ணு பிதுங்கும், சிலதுக்கு இரைப்பை வாய்க்குள்ள வந்து எட்டிப் பார்க்கும். அதை "போய் வா ராஜா"ன்னு முத்தம் கொடுத்து விட்டா அது எங்க போகும்?

படகுக்காரர் சொன்னார், "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்டா." சரியாகிறதுக்கு முன்னாடியே பறவை வந்துடுச்சேன்னேன். பதில் இல்லை. ஜிக்கைத் திரும்பக் கீழ விட்டார். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு, ஒரு பத்து நிமிஷம் கழிச்சு நானும் விட்டேன். அன்னிக்கு மட்டும் இன்னும் எட்டு மீன் பிடிச்சேன். இந்தப் பதிவுல யாரைத் திட்டினாலும் அந்தப் பட்டியல்ல முதல் பேர் என்னுதுதான், அதை நினைவு வெச்சுக்கோங்க.

இதுக்கு ஒரு பதில் தயாரா வெச்சிருப்பாங்க: "ஊசி போட்டு காத்தை எடுத்துடலாம், அதுதான் ஃபிஸ்ஸிங்." எடுக்கலாம். தெரிஞ்சவங்க செஞ்சா. உள்ளுக்குள்ள எங்க கல்லீரல், எங்க குடல், எங்க காத்துப்பைன்னு தெரியாம, படகு ஆடிக்கிட்டு இருக்கும்போது, மரத்துப்போன விரலால, ஒரு உயிரோட வயித்துல ஊசி குத்தறதுக்கு நமக்கு யாரு பட்டம் கொடுத்தா? தங்கமணிக்கு ஃப்ளூ ஊசி போடச் சொன்னா போடுவோமா? எடையைக் கட்டி மீனைத் திரும்ப ஆழத்துக்கு அனுப்பற கிளிப் இருக்கு, அது ஊசியைவிட தேவலை. ஆனா அதையும் அம்பது தடவை செய்யணும்னா அதுக்குப் பேர் பொழுதுபோக்கு இல்லை, ஆஸ்பத்திரி.

அதுக்கு பதில் ஆழத்துக்கே போகாம இருந்தா என்ன? டென்னஸி கிழக்குப் பக்கத்து ஆளுங்க இதுக்கு எப்பவோ வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. ஃப்ளோட் அண்ட் ஃப்ளை. ஒரு தக்கை, அதுக்குக் கீழ எட்டு, பத்து, பன்னண்டு அடி லைன், நுனியில துக்கடா ஜிக், அதுல கொஞ்சம் முடி. அந்த ஊர் ஏரியில ஷாட்னு ஒரு பொடி மீன் உண்டு. தண்ணி 45 டிகிரிக்குக் கீழ போனா அது தாங்காம தள்ளாடிச் சாக ஆரம்பிக்கும். அந்தச் சாகற மீன் மாதிரி இந்த ஜிக் அலையில லேசா ஆடும், ஆழத்துக்கு மேல நடுத்தண்ணியில நிக்கற ஸ்மால்மவுத் வந்து எடுத்துக்கும். பத்தடியில பிடிச்ச மீனைப் பத்தடியில விடலாம், அது பாட்டுக்குப் போயிடும். பார்க்க சின்னப் பசங்க தக்கை போட்டு கெண்டை பிடிக்கிற மாதிரி இருக்கும். அதனாலதான் நம்ம வீரர்களுக்குப் பிடிக்கலை போல. அவங்களுக்கு 2018-ல லைவ்ஸ்கோப் வந்ததுலேர்ந்து டிவி பார்க்கற மாதிரி நாப்பது அடியில மீன் வாயைத் திறக்கறதைப் பார்த்துக்கிட்டே பிடிக்கணும்.

"சட்டம் ஒண்ணும் தடுக்கலையே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். சட்டம் எப்பவும் செத்த வீட்டுக்குத்தான் முதல்ல வரும். எங்க ஆத்துலயே பாருங்க. 2005-ல சஸ்குவெஹானாவுல ஸ்மால்மவுத் குஞ்சுங்க கூட்டம் கூட்டமா நோய் வந்து செத்துச்சு. ஒரே காரணம்னு கை காட்ட முடியாம வருஷக்கணக்கா ஆராய்ச்சி நடந்தது. பல வருஷம் கழிச்சுத்தான் நடு ஆத்துல பாஸ் பிடிச்சா அங்கேயே உடனே விட்டுடணும்னு விதி வந்தது. அந்த வருஷங்கள்ல பிறந்து வளர்ந்திருக்க வேண்டிய மீன் இல்லாம ஆறே வெறிச்சோடிப் போனதை இங்க பழைய ஆளுங்க இன்னிக்கும் சொல்லுவாங்க. அப்புறம் மெல்ல மெல்ல தேறிச்சு. அப்படித் தேறின மீனைத்தான் இப்ப ஒரு மடுவுல வெச்சு நாலு மாசம் குடைஞ்சுக்கிட்டு இருக்கோம்.

இப்ப அந்த போட்டோவுக்கு வர்றேன்.

எனக்கு ஒரு மடு தெரியும். எங்கன்னு சொல்ல மாட்டேன், பாலத்துக்கு மேலயா கீழயான்னுகூட சொல்ல மாட்டேன். மூணு குளிர்காலம் தனியா அலைஞ்சு கண்டுபிடிச்சது. ரெண்டு வருஷம் முன்னாடி டிசம்பர்ல அங்க ஒரு மீன் பிடிச்சேன், பத்தொம்பது அங்குலம். இடது பக்கம் தாடை பழைய கொக்கியில கிழிஞ்சு ஆறி, ஒரு இடம் வெள்ளையா பிறை மாதிரி இருந்தது. வாலோட மேல் நுனியில ஒரு துண்டு காணோம். கிழிஞ்சவாயன்னு பேர் வெச்சேன். அதே குளிர்காலம் பிப்ரவரியில, அதே பாறைக்குப் பக்கத்துல, திரும்ப அவனே மாட்டினான். அவன்னு சொல்றேன், அந்த அளவுக்குப் பெரிசுன்னா அனேகமா அவளாத்தான் இருக்கும். நான் கவனிச்சது ஒண்ணுதான்: டிசம்பர்ல கையில நிறைஞ்சு இருந்த உடம்பு பிப்ரவரியில முதுகு பக்கம் ஒடுங்கிப் போயிருந்தது. குளிர்ல எல்லா மீனும் கொஞ்சம் இளைக்கும்தான். ஆனா குளிர்காலத்துல அதுக்கு வர்ற வருமானம் ரொம்பக் கம்மி, இலையுதிர் காலத்துல சேர்த்து வெச்ச கொழுப்பை வெச்சுத்தான் ஏப்ரல் வரைக்கும் ஓட்டணும். அந்தக் கொழுப்புலேர்ந்துதான் வசந்தத்துக்கான முட்டையும் தேறணும். ஒவ்வொரு தடவை நாம இழுக்கும்போதும் அந்தச் சேமிப்புலேர்ந்து எடுத்துத்தான் அது செலவு பண்ணுது. காயம் ஆறறதும் குளிர்ல மெதுவாத்தான். நான் அன்னிக்கே ராடை மடக்கி வெச்சுட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த மடுவுக்குப் போன வருஷம் ஒரு நண்பரைக் கூட்டிட்டுப் போனேன். புதுசா வேலை மாறி வந்தவர், குளிர்ல வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு மனசு சரியில்லாம இருந்தார். நல்ல மனுஷன். சந்தோஷப்பட்டார், நாலு மீன் பிடிச்சார். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேன், தலையாட்டினார். இந்த டிசம்பர்ல நான் போறேன், கரையோரம் அஞ்சு கார் நிக்குது. மடுவைச் சுத்தி நாலு படகு. அதுக்கு அடுத்த வாரம் ஏழு. "நம்ம பசங்கதானே மச்சி, ரெண்டு பேர்கிட்டதான் சொன்னேன்"னார். அந்த ரெண்டு பேருக்கும் தலைக்கு ரெண்டு பேர் இருக்க மாட்டாங்களா?

போன சனிக்கிழமை அவர் அனுப்பின போட்டோ. அன்னிக்கு வெளியே 20 டிகிரி, அதாவது மைனஸ் 7. மீனைக் கரையில பனி மேல படுக்க வெச்சு, பக்கத்துல ராடை வெச்சு, அழகா எடுத்திருந்தார். செதில்ல பனித்தூள் ஒட்டி மினுமினுன்னு இருந்தது. பெரிசு பண்ணிப் பார்த்தேன். இடது தாடையில வெள்ளைப் பிறை. வால் நுனியில துண்டு இல்லை.

"பத்தொம்பதரை! நம்ம மடுவுல! விட்டுட்டேன்!"னு கீழ எழுதியிருந்தார், மூணு ஆச்சரியக்குறியோட.

அந்தக் குளிர்ல ஈரமான செவுளைக் காத்துல காட்டினா என்ன ஆகும்னு ஈரத் துணியை வெளியே உதறிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். செவுள் காகிதத்தைவிட மெல்லிசு, ரத்தம் நேரா ஓடற இடம். அதுல ஐஸ் பிடிச்சா அந்த இழை செத்துடும். கண்ணுக்கு இமை கிடையாது. பனி மேல படுக்க வெச்சா மேல இருக்கற வழவழப்புப் பூச்சு பனியோட போயிடும், பூஞ்சை வர்றதுக்கு வழி. இதெல்லாம் நடந்தா மீன் அங்கேயே சாகாது. நல்லாத்தான் நீந்திப் போகும். நாம கையைத் தட்டிட்டு வீட்டுக்கு வந்துடுவோம். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு பார்க்க யாரும் மடுவுக்குள்ள இறங்கறது இல்லை. இந்த "நீந்திப் போயிடுச்சு"தான் எங்க ஆளுங்களோட பாவமன்னிப்பு. கண்ணுல இருந்து மறைஞ்சா கணக்கு முடிஞ்சது.

அப்பா ஊர்ல கொள்ளிடத்துக்கரை ஆளு. சின்ன வயசுல வாய்க்கால்ல குரவை, கெளுத்தி பிடிச்சுக் குழம்புக்குக் கொண்டுவந்தவர். முதல் தடவை நான் ஸ்மால்மவுத் போட்டோ அனுப்பினப்ப போன்ல கேட்டார், "ஏன்டா தம்பி, திங்கவும் மாட்டே, விக்கவும் மாட்டே, அப்புறம் எதுக்கு அதைப் போட்டு இழுக்கறே?" அப்ப எனக்குக் கோவம் வந்தது. விளையாட்டு, இயற்கை, மன அமைதின்னு பெரிசா லெக்சர் அடிச்சேன். அவரு "ம்... சரிப்பா"ன்னு முடிச்சுட்டார். ஈரியில அந்த அஞ்சு வயித்தைப் பார்த்த அன்னிக்குத்தான் அந்த "ம்"முக்கு அர்த்தம் புரிஞ்சது. இன்னமும் அவருக்குச் சொல்ல என்கிட்ட முழு பதில் இல்லை. நான் நிறுத்தப் போறதும் இல்லை, அதையும் மறைக்கலை. ஆனா பதில் இல்லாத ஆளு கொஞ்சம் அடக்கமாவாவது இருக்கணும்ல? நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நான் தர்மவான்னு போட்டோ போடக்கூடாதுல்ல?

சிலர் கேப்பாங்க, அப்ப குளிர்காலத்துல போகவே கூடாதுங்கறியான்னு. போங்க. நானும் போறேன். ஆழத்துக்குப் போகாதீங்க, எனக்கு இருபத்தஞ்சு அடிதான் எல்லை, சோனார்ல அதுக்குக் கீழ என்ன தெரிஞ்சாலும் படகைத் திருப்பிடுங்க. ஒரு மடுவுல நாலு மீன் பிடிச்சா போதும், கிளம்புங்க, அஞ்சாவது மீன் உங்களுக்குப் புதுசா ஒண்ணும் சொல்லித் தரப் போறது இல்லை. அதே மடுவுக்கு அடுத்த வாரமே போகாதீங்க. ஐஸ் புள்ளிக்குக் கீழ போனா மீனைத் தண்ணியை விட்டு எடுக்காதீங்க, கொக்கியில முள்ளை நசுக்கி வெச்சா தண்ணியிலயே கழண்டுடும். போட்டோ வேணும்னா தண்ணிக்குள்ள இருக்கும்போதே எடுங்க, அழகாத்தான் இருக்கும். எல்லாத்துக்கும் மேல, வாயை மூடுங்க. மடு உங்க சொத்து இல்லை, ஊருக்குத் தானம் பண்றதுக்கு.

(கூடவே ஒண்ணு. பென்சில்வேனியாவுல நவம்பர் 1லேர்ந்து ஏப்ரல் 30 வரைக்கும் பதினாறு அடிக்குக் கீழ இருக்கற படகு, கயாக், கனூ எதுலயும் லைஃப் ஜாக்கெட் மாட்டித்தான் ஆகணும், 2012லேர்ந்து. உயிர்க்கவசத்தை சீட்டுக்கு அடியில மடிச்சு வெச்சுட்டு உட்கார்ந்திருக்கற ஆளுங்களை இந்தக் குளிர்லயும் பார்க்கறேன். 38 டிகிரி தண்ணியில விழுந்தா பட்டனைத் தேட விரல் வேலை செய்யாது சாமி. மீனைப் பத்திதான் அக்கறை இல்லை, சரி, வீட்டுல இருக்கறவங்களையாவது நினைங்க.)

நண்பருக்கு ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்ணினேன். கிழிஞ்சவாயன் கதையைச் சொன்னேன். முதல்ல சிரிச்சார், "மீனுக்குப் பேரா?"ன்னு. அப்புறம் கொஞ்ச நேரம் பேசலை. "நான் விட்டப்ப ஒரு பக்கமா சாஞ்சுதான் போச்சு, சரியாயிடும்னு நினைச்சேன்"னார். நானும் பேசலை. ஈரியில எனக்கு ஒருத்தர் சொன்ன அதே வார்த்தை. கடைசியில, "சரி மச்சி, அந்தப் பசங்க குரூப்ல நான் பேசறேன்"னு சொல்லி வெச்சுட்டார். பேசினாரான்னு தெரியாது. ரெண்டு நாளா மெசேஜ் இல்லை, கோவமாக்கூட இருக்கலாம். படிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா: உங்க மேல கோவம் இல்லை, மடுவைக் காட்டினவன் நான்தான்.

மார்ச் வரைக்கும் நான் அந்தப் பக்கம் போகலை. வேற ஒரு இடம் தேடணும்னு வரைபடத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கூட வரணும்னு ஆசைப்படறவங்க தாராளமா வாங்க. ஆனா கண்ணைக் கட்டித்தான் கூட்டிட்டுப் போவேன், போனை தங்கமணிகிட்ட கொடுத்துட்டு வரணும் :-)